நன்கு தெரிந்தவருக்கும் அதே படிவம்

14 ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் கற்பித்த பிறகு, ஒரு நாள் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபைச் செயலர் என் கையில் பிள்ளைகள் பாதுகாப்புக்கான நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். இதற்கு முன் எந்தெந்தச் சபைகளில் இருந்தேன், ஏன் விலகினேன், என்னைப் பற்றிச் சான்று சொல்லக்கூடிய உறவினர் அல்லாத இருவர் யார், என் மீது வழக்கு ஏதேனும் பதிவாகியிருக்கிறதா, காவல்துறைச் சரிபார்ப்புக்குச் சம்மதமா என்றெல்லாம் அதில் கேட்கப்பட்டிருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சபையின் இளைஞர்களில் பாதிப் பேருக்கு முதல் வசனத்தை மனப்பாடம் செய்வித்தவள் நான். என்னிடமா இதைக் கேட்கிறார்கள் என்ற கோபத்தில் இரண்டு வாரம் அந்தப் படிவத்தைப் பையிலேயே வைத்திருந்தேன்.

கடைசியில் நிரப்பிக் கொடுத்தது மனம் மாறியதால் அல்ல. கொடுக்காதவர்கள் அடுத்த மாதம் முதல் வகுப்பெடுக்க முடியாது என்று போதகர் அறிவித்துவிட்டதால்தான். மனம் மாறியது அதற்குப் பின் நடந்த ஒரு நாள் பயிற்சியில். பயிற்சி கொடுக்க வந்தவர் குழந்தைகள் நலப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற பெண்மணி. வந்தவுடன் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, "இந்தச் சபையில் யாரை நீங்கள் கனவிலும் சந்தேகிக்க மாட்டீர்களோ, அவர் பெயரை எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் காட்ட வேண்டாம்" என்றார். எழுதினோம். "இன்று பேசப்போகும் ஒவ்வொரு விதியையும் அந்தப் பெயரோடு பொருத்திப் பாருங்கள். இது இவருக்குத் தேவையில்லை என்று எந்த இடத்தில் தோன்றுகிறதோ, அந்த இடத்தில்தான் உங்கள் வேலியில் ஓட்டை இருக்கிறது." நான் எழுதியிருந்த பெயர், எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவருடையது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குப் பாலியல் தீங்கு செய்பவன் முன்பின் தெரியாதவனாக, பார்த்த உடனே அச்சம் தருபவனாக இருப்பான் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அவன் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நன்கு தெரிந்தவன், அதைவிட, அவர்களால் விரும்பப்படுகிறவன். அவன் முதலில் வசப்படுத்துவது பிள்ளையை அல்ல, பிள்ளையைச் சுற்றியிருக்கும் பெரியவர்களை. வீட்டுக்கு வருகிறான், ஜெபிக்கிறான், கைமாறு கேட்காமல் உதவுகிறான், பெற்றோர் களைத்திருக்கும் நாளில் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அதன்பின் பிள்ளைக்கு மட்டும் ஒரு சிறு பரிசு, அதன்பின் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சிறு இரகசியம், அதன்பின் தற்செயல் போன்ற ஒரு தொடுதல். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடச் சற்றே பெரியது என்பதால், எந்தப் படியில் கத்தியிருக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. முதல் இரகசியத்தைக் காத்த குற்றவுணர்வும் அதன் வாயைக் கட்டிவிடுகிறது.

சபை என்னும் இடம் இதற்கு எவ்வளவு வசதியானது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெரியவர்களுக்குக் கீழ்ப்படி என்று பிள்ளைகளுக்கு அங்கே கடவுளின் பெயரால் கற்பிக்கிறோம். ஞாயிறு பள்ளிக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் இளைஞர் முகாமுக்கும் ஆள் எப்போதும் பற்றாக்குறை. ஆகவே முன்வருகிற எவரையும், அதிலும் பாடத் தெரிந்தவர், பிள்ளைகளோடு எளிதாகப் பழகுகிறவர் என்றால், ஆண்டவர் அனுப்பிவைத்தார் என்று சொல்லி அன்றைக்கே வகுப்பறைக்குள் அனுப்புகிறோம். கூடவே, தவறு செய்தவரை மன்னிப்பதும் சபையின் நற்பெயரைக் காப்பதும் பக்தியின் அடையாளங்களாகவே நமக்குப் பழகிப்போயிருக்கின்றன.

ஜான் ஸ்மைத் என்ற ஆங்கிலேயரின் கதையைப் படித்தபோது இவை எல்லாம் ஒரே மனிதரைச் சுற்றி நிற்பதைக் கண்டேன். அவர் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். பெயர்பெற்ற வழக்கறிஞர், கிறிஸ்தவ இளைஞர் முகாம்களின் முன்னணி ஊழியர். முகாம்களில் பழகிய பையன்களைத் தம் வீட்டுக்கு வரவழைத்து, பாவத்துக்கான சிட்சை என்ற பெயரில் இரத்தம் வரப் பிரம்பால் அடித்துவந்தார். 1982-இல் இதைப் பற்றிச் சபைத் தலைவர்கள் சிலருக்கு எழுத்து மூலமான அறிக்கையே கிடைத்தது. அவர்கள் காவல்துறைக்குச் சொல்லவில்லை. ஊழியத்திலிருந்து ஒதுங்கிக்கொள்ளும்படி அவரிடம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1984-இல் அவர் ஜிம்பாப்வேக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் பையன்களுக்கான முகாம்களைத் தொடங்கினார், அங்கும் அடித்தார். எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெறாமலே 2018-இல் இறந்துபோனார். 2024 நவம்பரில் வெளியான, இங்கிலாந்துத் திருச்சபைக்காகக் கீத் மேக்கின் என்பவர் தயாரித்த ஆய்வறிக்கை, பாதிக்கப்பட்ட சிறுவர்களும் இளைஞர்களும் 130 பேர் வரை இருக்கலாம் என்றது. அதைத் தொடர்ந்து அதே மாதம், அந்தத் திருச்சபையின் தலைமைக் குருவாக இருந்த கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். 1982-இல் அந்த அறிக்கையைப் படித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது, பையன்களின் குடும்பங்கள் வெட்கப்படக் கூடாது என்று அக்கறையோடுதான் யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அக்கறை ஜிம்பாப்வேச் சிறுவர்கள் வரை எட்டவில்லை.

இது ஒரு திருச்சபைப் பிரிவின் நோய் என்று எண்ணி ஆறுதல் அடைகிறவர்கள் உண்டு. நானும் அப்படி எண்ணியவள்தான். 2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் நாளிதழ் கத்தோலிக்கக் குருக்கள் சிறார்மீது செய்த பாலியல் குற்றங்களையும், குற்றம் சாட்டப்பட்டவர்கள் பங்கு விட்டுப் பங்கு மாற்றப்பட்டதையும் வெளிக்கொணர்ந்தபோது, மணத்துறவுதான் காரணம் என்று எங்கள் சபையில் மிக எளிதாகத் தீர்ப்பெழுதினோம். 1950 முதல் 2002 வரை அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில் 4,392 குருக்கள்மீது 10,667 பேரின் பெயரால் புகார்கள் எழுந்திருந்தன என்று 2004-இல் வெளிவந்த ஜான் ஜே கல்லூரியின் ஆய்வு சொன்னபோதும் அதே பேச்சுத்தான். ஆனால் 2024 ஜனவரியில் ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் திருச்சபையைப் பற்றிய ஆய்வு வந்தது. அதன் குருமார் மணம் செய்துகொள்பவர்கள், பெண்களுக்கும் அங்கே குருப்பட்டம் உண்டு. ஆயினும் பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 2,225 பேர் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. பிரான்சில் 2021 அக்டோபரில் வெளியான, சோவே ஆணையம் என்ற தனி விசாரணைக் குழுவின் மதிப்பீட்டின்படி, 1950-க்குப் பின் கத்தோலிக்கக் குருக்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்ட சிறார் ஏறத்தாழ 2,16,000 பேர். திருச்சபைப் பணிகளில் இருந்த பொதுநிலையினரையும் சேர்த்தால் 3,30,000 பேர். பொதுநிலையினர் என்றால் யார்? என்னைப் போன்றவர்கள்தான்.

எங்கள் பயிற்சியில் அதிகம் விவாதிக்கப்பட்டது இரண்டு பெரியவர் விதி. பிள்ளைகள் இருக்கும் எந்த அறையிலும், முகாமிலும், வாகனத்திலும் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லாத இரு பெரியவர்களாவது இருக்க வேண்டும். ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசியே ஆக வேண்டிய நிலை வந்தால், பிறர் பார்க்கும் இடத்தில், கதவு திறந்திருக்க, பேச வேண்டும். கணவனும் மனைவியும் இருவர் என்ற கணக்கில் சேர மாட்டார்களா என்று ஒரு தம்பதியர் கேட்டார்கள். ஒருவர் தவறு செய்தால் மற்றவர் காட்டிக்கொடுக்கத் தயங்குவார் என்பதுதான் விடை என்றாலும், அதை முகத்துக்கு நேரே சொல்வது எளிதாக இருக்கவில்லை. கைப்பேசி பற்றிய விதியும் பலருக்குக் கசந்தது. பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்பக் கூடாது, அனுப்ப வேண்டியதைப் பெற்றோரும் இன்னொரு பொறுப்பாளரும் இருக்கும் குழுவில்தான் அனுப்ப வேண்டும், தானாக அழியும் செய்திகள் அறவே கூடாது. இளைஞர் ஊழியம் செய்யும் தம்பி ஒருவர், நள்ளிரவில் மனம் உடைந்து ஒரு பிள்ளை செய்தி அனுப்பினால் பதில் சொல்லாமல் இருப்பது அன்பா என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்லலாம், ஆனால் அந்த உரையாடலை அப்போதே இன்னொரு பொறுப்பாளருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. வெளிச்சத்தில் செய்யக்கூடிய உதவியை இருட்டில் செய்ய வேண்டிய தேவை இல்லை.

காவல்துறைச் சரிபார்ப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அது வேண்டியதுதான், ஆனால் ஏற்கெனவே பிடிபட்டவரை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். தீங்கு செய்பவர்களில் பலர்மீது ஒருபோதும் வழக்குப் பதிவாகியிருப்பதில்லை. ஆகவே சான்றிதழைக் கோப்பில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் சபை, சரிபார்ப்பே செய்யாத சபையைவிடச் சில சமயம் ஆபத்தானது. முந்தைய சபைக்குத் தொலைபேசியில் பேசி, "இவரை மீண்டும் பிள்ளைகள் ஊழியத்தில் வைத்துக்கொள்வீர்களா?" என்று நேரடியாகக் கேட்டு, மறுமுனையில் விழும் மௌனத்தைக் கவனிப்பது அதைவிடப் பயனுள்ளது.

இனி அந்த மூப்பர். பயிற்சி முடிந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு மாலை வகுப்பு முடிந்து பலத்த மழை. ஒரு பத்து வயதுப் பிள்ளையை அழைத்துப்போக வேண்டியவர் வரவில்லை. தாய் தொலைபேசியில் பதற்றமாக இருந்தார். மூப்பர், "என் காரில் நானே கொண்டுபோய் விடுகிறேன், அரை மணி நேர வழிதானே" என்றார். என்னோடு இருந்த மற்ற ஆசிரியை அதற்குள் போய்விட்டிருந்தார். நான் வீடு திரும்பத் தாமதமாகிக்கொண்டிருந்தது. விதி எனக்கு நன்றாக நினைவிருந்தது. மடித்து வைத்த தாளும் நினைவிருந்தது. இருந்தும் போகச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்து, ஐயா, இரண்டாவது ஆள் இல்லாமல் முடியாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, அவ்வளவுதான் காரணம்.

அன்றிரவு குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் நானே இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளை பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டாள்" என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வீடு சேர்ந்துவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்றும் நடக்கவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அந்த மூப்பர்மீது எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு அவருக்காகச் சாட்சி சொல்ல என்னால் முடியாது. நாளை யாராவது அவர்மீது அபாண்டமாகப் பழி சுமத்தினாலும் முடியாது. விதியைப் பின்பற்றியிருந்தால் பிள்ளைக்கு மட்டுமல்ல, அவருக்கும் அது காவலாக இருந்திருக்கும். மரியாதை என்று நினைத்து நான் செய்தது, அவரைக் காவல் இல்லாமல் நிறுத்தியதுதான்.

பிள்ளை ஒன்று உண்மையிலேயே வாய் திறந்தால் என்ன செய்வது என்பதும் அந்தப் பயிற்சியில் கற்றதுதான். அதற்கு முன் நான் எல்லாவற்றையும் தவறாகவே செய்திருப்பேன். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் சொல்லியே ஆக வேண்டும். "அவர் உன்னை இங்கே தொட்டாரா?" என்று விடையை உள்ளே வைத்துக் கேட்கக் கூடாது; நம் வார்த்தைகள் பிள்ளையின் வாக்குமூலத்தில் கலந்துவிட்டால் பிறகு நீதிமன்றத்தில் அதுவே பிள்ளைக்கு எதிராக நிற்கும். அமைதியாகக் கேட்டு, நீ சொன்னது நல்லது, இது உன் தவறல்ல என்று சொல்லி, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே நாளும் நேரமும் இட்டு எழுதி, உடனே பொறுப்பாளருக்கும் அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. நம் சபைக் குழுக்கள் முதலில் செய்வதே இதைத்தான்: "இரு தரப்பையும் கேட்போம்" என்று அவரை அழைக்கிறார்கள். அவர் தடயங்களை அழிக்கவும், பிள்ளையின் குடும்பத்தை அணுகவும், தமக்கு ஆதரவாக நான்கு பேரைத் திரட்டவும் அந்த ஓர் அழைப்பே போதும்.

தாமதமாகச் சொல்லும் பிள்ளையை, அல்லது வளர்ந்த பின் சொல்பவரை, "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பதையும் நாம் நிறுத்த வேண்டும். நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணையத்திடம் தனியே பேசிய பாதிக்கப்பட்டவர்கள், தமக்கு நேர்ந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். பத்து வயதில் காயப்பட்ட பிள்ளை ஏறத்தாழ முப்பத்துநான்கு வயதில் வாய் திறக்கிறது என்று பொருள்.

அந்த வாயை மூட நம்மிடம் வசனங்களே ஆயத்தமாக இருக்கின்றன. அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே. சகோதரன்மேல் சகோதரன் வழக்குக்குப் போகலாகாது. ஏழெழுபது தரம் மன்னி. தாவீதும் விழுந்தான் அல்லவா. இவற்றுக்கெல்லாம் மேலாக, "சபையின் சாட்சி கெட்டுப்போகும்" என்ற ஒற்றை வாக்கியம். மூப்பர்மீதான குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற அப்போஸ்தலரின் அறிவுரையைப் பிள்ளைகள்மீதான குற்றத்துக்குப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதையும் அந்த ஆஸ்திரேலிய ஆணையமே காட்டியது. சாட்சி இருவர் வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடித்துவந்த யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் கோப்புகளில், 1950 முதல் குற்றம் சாட்டப்பட்டவர்களாக 1,006 பேரின் பதிவுகள் இருந்தன. அவற்றில் ஒன்றையேனும் அமைப்பு காவல்துறைக்குத் தெரிவித்ததற்குச் சான்று இல்லை. இத்தகைய குற்றத்தைச் செய்பவன் சாட்சி வைத்துக்கொண்டா செய்கிறான்?

வேதத்தில் தாமாரின் கதை இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் நாம் அதைக் கற்பிப்பதில்லை, நான் கற்பித்ததும் இல்லை. தன் சகோதரனாலேயே கெடுக்கப்பட்டவளிடம், அவன் உன் சகோதரன், மௌனமாயிரு என்றுதான் இன்னொரு சகோதரனான அப்சலோம் சொன்னான். தகப்பனான தாவீது அரசன் மிகவும் கோபப்பட்டான், ஆனால் எதுவும் செய்யவில்லை. கோபப்பட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் சபைத் தலைவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரசனின் நினைவு வருகிறது. மன்னிப்பைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான்: மன்னிப்பதா வேண்டாமா என்பது காயப்பட்டவரின் உரிமை, அவர் சார்பில் சபைக் குழு மன்னிக்க முடியாது, மன்னிக்கப்பட்டவரும் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் மீண்டும் நுழைய வேண்டியதில்லை. தண்டனை முடிந்து வந்தவர் ஆராதனைக்கு வரலாம், எந்த நேரத்தில், எந்த இருக்கையில், யார் துணையோடு என்று எழுத்து மூலமான உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டு வரலாம். அதற்கு உடன்பட மறுக்கிறவர் திருந்தியிருக்கிறார் என்று நம்புவதற்கு எனக்கு அடிப்படை தெரியவில்லை.

அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது சபையின் விருப்பத்துக்கு விடப்பட்ட காலம் பல நாடுகளில் முடிந்துவிட்டது. இந்தியாவின் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது; தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. அயர்லாந்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம், தெரிவிக்கக் கடமைப்பட்டவர்களின் பட்டியலில் குருமாரையும் சேர்த்திருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் இரகசியமாகப் பாவங்களை அறிக்கையிடும்போது, கேட்டதற்கும் விலக்கு கூடாது என்று ஆஸ்திரேலிய ஆணையம் 2017-இல் பரிந்துரைத்தது. கத்தோலிக்கத் திருச்சபை அதை ஏற்கவில்லை, அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல், குருக்களும் துறவிகளும் தாம் அறிந்ததைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று விதித்தார். அதே ஆண்டு டிசம்பரில் இத்தகைய வழக்குகளுக்கு இருந்த, "திருத்தந்தை இரகசியம்" எனப்படும் கடும் இரகசியக் காப்பையும் நீக்கினார்.

எங்கள் படிவங்களை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இந்த முறை அந்த மூப்பர், சான்று சொல்லும் இருவரில் ஒருவராக என் பெயரைக் கொடுத்திருந்தார். வந்த வினாத்தாளில் ஆறாவது கேள்வி, இவர் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்காத சந்தர்ப்பம் எதையேனும் அறிவீர்களா என்பது. இல்லை என்று எழுதிவிடலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். அறிவேன் என்று எழுதி, அந்த மழை நாளின் தேதியை இட்டு, அனுமதித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். மூன்று ஞாயிறு என்னோடு அவர் பேசவில்லை. நான்காம் ஞாயிறு வகுப்பு முடிந்து ஒரு பிள்ளை தனியாக நின்றபோது, "இன்னொருவர் வரும்வரை நானும் இங்கேயே நிற்கிறேன்" என்று சொல்லிக் கதவருகே வந்து நின்றார்.